மகன் என்றால் வேடிக்கையா?



2023இல் வெளிவந்த ‘நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்’ என்னும் ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில், கூச்சம் மிகுந்த 19 வயது மகனுடன் பழகுவதற்காக 32 வயதுப் பெண்ணொருத்திக்குக் காரொன்றைக் கூலியாகப் பேசுகின்றனர் பெற்றோர். மகனோ ஏதும் அறியான்.

நாயகி, ஆஸ்கார் விருது பெற்ற ஜெனிஃபர் லாரன்ஸ். தயாரிப்பாளர்களுள் ஒருவரும் அவரே. அவருடைய புகழே அப்பேரத்தின் இழிவை மறைக்கும் திரை. வேடங்களை மாற்றிப் பாருங்கள்: 19 வயது மகளுக்காக 32 வயது ஆடவனைப் பெற்றோர் அமர்த்தியிருந்தால் அரங்கில் எவர் சிரிப்பார்?

முடிவில் நட்பே வெல்கிறது என்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாணக் காட்சிக்கு முகம் சுளிக்கும் நாம், பெற்ற மகனையே ஏமாற்றும் பேரத்துக்குச் சிரிக்கிறோமே! மகளைப் போலவே மகனும் கடவுளின் சாயல் அல்லவா?