ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ் பட்டன்: யாருக்காக?

உங்கள் வீட்டு ஸ்மார்ட் டிவி ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன். எண் பட்டன்கள் இருக்கோ இல்லையோ, நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் என்று பெயர் போட்ட பட்டன்கள் இருக்கும்.

ஏன்?

வசதி ஒரு காரணம். பணம் இன்னொன்று. அந்தச் சின்ன இடமும் விளம்பரப் பலகை மாதிரிதான். அதைப் பிடிக்க ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் பணம் கொடுப்பதுண்டு. நெட்ஃபிளிக்ஸ் தன் பட்டனை 2011இலேயே அறிவித்துவிட்டது.

அதனால் என்ன?

சந்தாவை நிறுத்தினாலும் பட்டன் போகாது. பல ரிமோட்டுகளில் அதை வேறு செயலிக்கு மாற்றவும் வழியில்லை. ஆனால் பாட்டி வசந்தம் நாடகத்தை மீவாட்ச்சில் பார்க்க வேண்டுமென்றால்? தனி பட்டன் இல்லாவிட்டால் முகப்புத் திரையில் தேட வேண்டும். இல்லையென்றால் உங்களைக் கூப்பிட வேண்டும்!

ஆஸ்திரேலியா என்ன செய்தது?

புதிய டிவிகளின் முகப்புத் திரையில் உள்ளூர் இலவச ஒளிவழிகளின் செயலிகள் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டம் இயற்றியது. கவனியுங்கள், அது திரைக்கான விதி.

நீங்கள் என்ன செய்யலாம்?

பல டிவிகளில் செயலிகளின் வரிசையை மாற்றலாம். பாட்டிக்கு வேண்டியதை முதலில் வையுங்கள். கைக்கு எட்டுவதைத்தானே நாம் அதிகம் பார்க்கிறோம்?