எந்த மானுக்கு இடம்?

விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்றால் சிறுவர் சிறுமியர் ஆவலுடன் ஓடுவது மான்களின் வேலியருகேதான். அங்கே நம்மை வரவேற்பது பெரும்பாலும் புள்ளிமான். பார்ப்பதற்கு அழகானது, கூட்டமாய் வாழ்வது, வேலிக்குள்ளும் விரைவில் பெருகுவது. ஆனால், இக்காரணங்கள் மட்டும் போதுமா?

காட்சிச்சாலையின் நிலத்துக்கும் தீவனத்துக்கும் ஓர் அளவு உண்டு. புள்ளிமான்களே இடத்தை நிறைத்துக்கொண்டால் வேறு இனங்களுக்கு வழி ஏது? நம் காடுகளில் இன்றும் மந்தை மந்தையாய் மேயும் இனம் அது. மணிப்பூரின் சங்காய் மானின் நிலையோ வேறு. லோக்தாக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகளே அதன் வீடு. 1975ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தென்பட்டவை 14 மட்டுமே! பாதுகாப்பினால் பின்னர் அது பெருகியது. எனினும் ஒரே இடத்தில் வாழும் இனத்தை ஒரு கொள்ளைநோய் அழித்துவிடலாம் அன்றோ?

வேலிக்குள் வளர்த்தால் ஓர் இனம் பிழைக்குமா என்று ஐயுறுவோர்க்குச் சீன நாட்டு மான் ஒன்று விடை கூறும். 1865இல் பிரெஞ்சுக் குருவான அர்மான் தாவீது அடிகளார், பீக்கிங் அரச வேட்டைத் தோட்டத்தில் கண்டு மேலைநாட்டார்க்கு அறிவித்த மான் அது. 1895இல் வந்த வெள்ளமும் 1900இல் மூண்ட கலகமும் தாயகத்தில் அதை இல்லாமற் செய்தன. ஆயினும் இங்கிலாந்தில் பெட்போர்டு கோமகன் தம் ஊபர்ன் தோட்டத்தில் சேர்த்து வளர்த்த 18 மான்களின் வழிவந்தவை 1985இல் சீனாவுக்குத் திரும்பின. நம் நாட்டிலும் ஐதராபாத் காட்சிச்சாலையில் 2010 முதல் சின்னஞ்சிறு சருகுமான்களைப் பெருக்கிக் காட்டில் விட்டிருக்கின்றனர்.

"சருகுமான் பகலில் புதருக்குள் பதுங்கிக்கொள்ளும், அதைப் பார்க்க யார் கட்டணம் கொடுத்து வருவார்?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆகவே புள்ளிமானை அடியோடு விலக்க வேண்டாம். சிறு மந்தை ஒன்று இருக்கட்டும். எஞ்சிய இடத்தை அருகிவரும் இனங்களுக்கு அளிப்போம். அவற்றின் வரலாற்றை வேலியருகே எளிய தமிழில் எழுதி வைத்தால், கண்ணில் படாத உயிரையும் நேசிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வர்.

காட்சிச்சாலை கண்ணுக்கு விருந்தாக மட்டும் இருந்தால் போதாது. நலிந்த உயிர்க்குப் புகலிடமாகவும் விளங்க வேண்டும். தோழியரே, அடுத்த முறை அங்கே செல்லும்போது, "எத்தனை மான்?" என்று எண்ணுவதோடு நில்லாமல், "எந்த மான்? ஏன் இந்த மான்?" என்றும் கேட்போமாக!