காத்தடிச்சா சரியாப் போச்சா?

தீர்த்தமலைக்குப் புதுக் காரில் வருகிறவர்கள் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க மறப்பதே இல்லை. அதே சக்கரத்தில் ஒன்று வாரத்துக்கு அஞ்சு பாயின்ட் காத்து இறங்கினால் மட்டும், "ஒண்ணுமில்லப்பா, அரூர் பங்க்குல அடிச்சுக்கலாம்."

இதுக்குப் பேர் சிக்கனமாம்! காமர்ஸ் பசங்களுக்குத் தெரியும்... இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவார்கள். அதுகூடப் பிழையைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்தான். இங்கே வண்டியே மாசக்கணக்கில் அனாமத்தில் ஓடுகிறது.

மேலே பாறையில் ராமர் தீர்த்தம் எங்கிருந்து கசிகிறது என்று யாரும் ஆராய வேண்டாம், அது சாமி விஷயம். டயர் அப்படியில்லை.

"எல்லா டயரும்தான் இறங்கும்" என்பார்கள். உண்மைதான், நல்ல டயரே மாதத்துக்கு ஒண்ணு ரெண்டு பாயின்ட் விடும். குளிர் வந்தாலும் குறையும். ஆனால் குளிர் நாலையும் சேர்த்து இறக்கும். ஓட்டை ஒன்றை மட்டும்தான் இறக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் நாலையும் அளந்து ஒரு பேப்பரில் எழுதினால், ஒரே வாரத்தில் திருடன் சிக்கிவிடுவான். ஓடி வந்த சூட்டில் அளக்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அரூரிலிருந்து வெயிலில் வந்து அடிவாரத்தில் நிறுத்தின டயர் மூணு நாலு பாயின்ட் கூடவே காட்டும். 29 இருக்கிற டயர் 33 காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும்.

அப்புறம் இந்த நைட்ரஜன் பக்தர்கள்! சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆணி குத்தின ஓட்டை ரெண்டையும்தான் விடும்.

தேடுவது பெரிய வித்தையா என்ன? முதலில் வால்வு மூடியைக் கழற்றி, ஒரு சொட்டு எச்சில் தொட்டு வைத்தாலே போதும், குமிழி வந்தால் உள்ளே இருக்கிற பின் போயிருக்கிறது. அதன் விலை டீக்காசு. இல்லையென்றால் சோப்புத் தண்ணியை டயர் முழுக்க ஊற்றிப் பார்க்க வேண்டும். தரையில் அழுந்தியிருக்கும் பக்கம் தெரியாது, வண்டியைக் கொஞ்சம் உருட்டி அதையும் பார்க்க வேண்டும். அங்கேயும் ஆணி இல்லை என்றால் பஞ்சர் கடையிலேயே சிலர் "ஒண்ணுமில்ல சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைப் பார்ப்பதே இல்லை, அதுவும் வண்டியின் உள்பக்கம் இருக்கும் விளிம்பை! பள்ளத்தில் விட்டு வளைந்த ரிம், துருப்பிடித்த ரிம் எல்லாம் மெதுவாக விடுவது அங்கேதான்.

ஆணி கிடைத்தால், டயரைக் கழற்றி உள்ளே பார்த்து உள்பக்கமாக ஒட்டுவதுதான் முறை. பத்து நிமிஷத்தில் வெளியிலிருந்து ரப்பர் திரி சொருகுவது கடை வரை வந்து சேரத்தான். பக்கவாட்டில் ஓட்டை என்றால் ஒட்டவே கூடாது, டயரையே மாற்ற வேண்டும்.

காத்து குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும், உள்ளே பசை விட்டுப் பிரியும், ஒருநாள் ஹைவேயில் வெடிக்கும். பின் சீட்டில் தாத்தா பாட்டி இருப்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 2000-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிரிந்து பலர் செத்த பிறகுதான், காத்து குறைந்தால் எச்சரிக்கும் கருவியைக் காரில் வைக்க அங்கே சட்டம் வந்தது. இங்கேயும் இப்போது பல கார்களில் அந்த விளக்கு இருக்கிறது.

அது எரிந்தால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பங்க்குக்குப் போய்க் காத்தடித்து, அணைத்துவிடுகிறார்கள் :-(