பொறுத்தவர் பூமி ஆளட்டும், நாம் புட்டியைத் திறப்போம்

விண்டேஜ் போர்ட் ஒரு புட்டி வாங்கியிருக்கிறேன் என்று ஒயின் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். உடனே எச்சரிக்கை வரும். "திறந்துடாதீங்க, இருபது வருஷமாவது கிடக்கட்டும்." இளசிலேயே குடிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிசுக்கொலை. ஒரு திராட்சைச் சாற்றுக்கு எதற்கு இந்த ஆயுள் தண்டனை?

முதலில் அவர்கள் பக்க நியாயம். போர்ச்சுகலின் டௌரோ பள்ளத்தாக்கில் திராட்சையை மிதித்து, சாறு பாதி நொதித்திருக்கும்போதே 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்துகிறார்கள். அதனால் இனிப்பு தங்கிவிடுகிறது, போதையும் 20 சதவீதத்தைத் தொடுகிறது. சிறப்பாக விளைந்த ஒரே ஆண்டின் திராட்சையில் செய்து, சுமார் இரண்டு வருடம் மரப்பீப்பாயில் வைத்து, வடிகட்டாமல் புட்டியில் அடைத்தால் விண்டேஜ் போர்ட். பிறகு துவர்ப்பு தரும் டானினும் நிறமிகளும் மெல்லப் பிணைந்து வண்டலாக இறங்கும், ஒயின் மென்மையாகும். உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் எழுதுகிறார்கள். செலவு எங்கே? மூன்று வயது போர்ட் மைக்கறுப்பு. அதில் வயலட் பூ வாசம், கருநாவல் பழம் போன்ற அடர்த்தி, ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு எல்லாம் உண்டு. முப்பது வயதில் அது செங்கல் நிறத்துக்கு வந்து, அத்தியும் உலர்ந்த திராட்சையுமாக மணக்கும். இரண்டும் வேறு வேறு பானங்கள். கிழவனுக்காகக் காத்திருக்கிறவர் இளைஞனைச் சாகவிடுகிறார். இப்ப சொல்லுங்க, கொலை பண்றது யாரு?

இன்னொரு வேடிக்கை. 'வைன் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை 1997இல் ஆண்டின் சிறந்த ஒயினாக ஃபொன்சேகா, டெய்லர் இரண்டின் 1994 போர்ட்டையும் தேர்ந்தெடுத்தது. 2014இல் டௌ நிறுவனத்தின் 2011 போர்ட்டுக்கு அதே மகுடம். எல்லாமே மூன்று வயதுக் குழந்தைகள்! நிபுணர் குடித்து மகிழ்ந்து முதலிடம் கொடுக்கலாம், காசு கொடுத்து வாங்கினவன் மட்டும் காத்திருக்கணுமா?

இந்த விதி பிரிட்டிஷ் மேட்டுக்குடியின் நிலவறையில் பிறந்தது. ஞானமகன் பிறந்ததும் அவன் பெயரில் ஒரு பைப் போர்ட் வாங்கி வைப்பார்கள். பைப் என்றால் சுமார் 550 லிட்டர், எழுநூறு புட்டிக்கு மேல். வாங்கியவர் ஒருவர், குடிப்பவர் இன்னொருவர். பரிசாகப் பார்த்தால் அழகான வழக்கம். ஆனால் அதற்குப் பரம்பரை வீடு வேண்டும், குளிர்ந்த நிலவறை வேண்டும், இருபது வருடம் முடங்கினாலும் உறுத்தாத பணம் வேண்டும். வருஷத்துக்கொரு வாடகை வீடு மாறுகிற நமக்கும் அதே விதியைச் சொல்லும்போது, "இது உனக்கானது இல்லை" என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

"இளசு முரடு" என்பார்கள். முன்பு அதில் நியாயம் இருந்தது, சேர்க்கிற சாராயமே முரடாக இருந்த காலம் அது. 1990களுக்குப் பிறகு அதன் தரம் நன்றாகவே உயர்ந்துவிட்டது. பயம் மட்டும் பழசாகவே இருக்கிறது.

நான் முதுமைக்கு எதிரி அல்ல. யாராவது 1963 போர்ட்டை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். உண்மையில் ஏமாற்றுவது நடுப்பருவம். ஐந்தாறு வயதுக்கு மேல் பல போர்ட்டுகள் வாயை மூடிக்கொள்ளும், வாசமே வெளியே வராது. ஆகவே ஆறு புட்டி இருந்தால் இரண்டை இப்போதே திறங்கள். சில மணி நேரம் முன்பே வேறு குடுவைக்கு மாற்றிவையுங்கள். கூடவே நீலச்சீஸ் அல்லது கறுப்புச் சாக்லேட். மற்ற நான்கையும் மறந்துவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறதா? யோசிக்கவே வேண்டாம், திறங்கள்.

2050இல் அந்த ஒயின் இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். அன்று கூட உட்கார்ந்து குடிக்கப்போகிற நண்பர்கள் யாரென்று மட்டும் அவர்களால் சொல்ல முடியுமா?