கேம்ல புட்டர் வாங்கலாமா? ஒரு ஆடிட்டரோட கணக்கு

சம்பளத்துல பொழுதுபோக்குக்கு எவ்வளவு ஒதுக்கலாம்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "சார், நான் மொபைல்ல டபிள்யூஜிடி கோல்ஃப் விளையாடுறேன். காசு போட்டு ஒரே ஒரு கிளப் வாங்கணும்னா டிரைவர் வாங்கவா, புட்டர் வாங்கவா? இல்ல, எதுவுமே வாங்கக் கூடாதா?"

சின்ன கேள்வி மாதிரி தெரியும். ஆனா செலவு, சொத்து, தேய்மானம் மூணுமே இதுக்குள்ள இருக்கு. என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வாங்குறதா இருந்தா புட்டர் வாங்குங்க. நடுத்தர விலையில, ஒரே ஒரு தடவை.

ஒரு அடிக்கு எவ்வளவு செலவு?

கோல்ஃப் தெரியாதவங்களுக்கு: தூரமா அடிக்கிற மட்டை டிரைவர். குழி இருக்கிற பச்சைப் புல்தரைக்கு (கிரீன்) வந்த பிறகு பந்தை மெதுவா உருட்டி உள்ளே தள்ளுற மட்டை புட்டர். 18 குழி, மொத்தம் 72 அடி "பார்" இருக்கிற மைதானத்துல, ஒவ்வொரு குழிக்கும் 2 புட் வீதம் 36 அடி புட்டருக்குன்னு கணக்கு. அதாவது சரிபாதி. டிரைவரை எடுக்கிறது, பார்-3 குழிகளைக் கழிச்சா, அதிகபட்சம் 14 தடவை.

ரெண்டுமே 1,000 ரூபாய்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. 50 ரவுண்ட் ஆடினா டிரைவர் 700 அடி, புட்டர் 1,800 அடி. ஒரு அடிக்கு டிரைவர் செலவு சுமார் 1 ரூபாய் 43 பைசா, புட்டர் செலவு 56 பைசா. ஆனா கடையில முதல்ல கண்ணுல படுறது என்னவோ டிரைவர்தான், ஏன்னா தூரம் பார்க்க கெத்தா இருக்கும்.

தேய்மானம் எதுக்கு அதிகம்?

இந்த கேம்ல நீங்க லெவல் ஏற ஏற, இன்னும் தூரம் போற டிரைவர் திறந்துகிட்டே இருக்கும். மேல் பிரிவுக்குப் போனா பந்தை அடிக்கிற இடமும் பின்னாடி தள்ளிப் போகும். அப்போ இன்னிக்கு வாங்கின டிரைவர் கொஞ்ச நாள்ல பத்தாது. மறுபடி வாங்கணும். ஆபீஸ்ல வருஷா வருஷம் போன் மாத்துறவர் கதைதான்.

புட்டருக்கு இந்தப் பிரச்சனை குறைவு. 10 அடி தூரம் எந்த லெவல்லயும் 10 அடிதான். கிரீன் வேகம் கூடும், அதுக்கு ஏத்த மாதிரி பவரைக் குறைக்கப் பழகணும், அவ்வளவுதான். அந்தப் பழக்கமும் ஒரு முதலீடு. அடிக்கடி புட்டர் மாத்தினா அதுவும் சேர்ந்து போயிடும். அதனாலதான் ஒரே தடவைன்னு சொல்றேன்.

காசு போட்டு வாங்குற பந்து இன்னொரு வகை. அது அடிக்க அடிக்கத் தீர்ந்துடும். எங்க பாஷையில புட்டர் மூலதனச் செலவு, பந்து நடப்புச் செலவு. நிறைய பேருக்கு காசு போறது கிளப்புல இல்ல, பந்துலதான். அதைக் கவனிங்க.

எந்த புட்டர்?

பிராண்ட் பேரைப் பார்க்காதீங்க. கேம்ல இருக்கிற கால்வே, டெய்லர்மேட், பிங் எல்லாம் நிஜ கம்பெனிகள். டபிள்யூஜிடியை 2016-ல வாங்கினது டாப்கால்ஃப். அந்த டாப்கால்ஃபும் கால்வேயும் 2021-ல இணைஞ்சாங்க. கடையில இருக்கிற மட்டை அந்த கம்பெனிக்கு விளம்பரமும்கூட. விளம்பரம் பார்க்க நாம ஏன் கூடுதல் காசு கொடுக்கணும்?

பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, மீட்டர் எவ்வளவு மெதுவா ஓடுது. ரெண்டு, மீட்டர்ல என்னென்ன தூர அளவு இருக்கு. ரெண்டாவதுதான் பலர் விட்டுடறது. 8 அடி புட் வந்திருக்கு, உங்க புட்டரோட சின்ன அளவு 25 அடின்னு வெச்சுக்கோங்க. நிறுத்துறதுல மீட்டர் நீளத்துல 4 சதவீதம் தவறினா பந்து 1 அடி கூடவோ குறையவோ போகும். அதே கை, அதே தவறு, ஆனா 10 அடி அளவு இருக்கிற புட்டர்னா வித்தியாசம் 0.4 அடி, அதாவது 5 அங்குலத்துக்கும் குறைவு. விலை கூடினா இது கூடும்னு கட்டாயம் இல்ல. அதனால விலைப்பட்டியலை விட்டுட்டு அளவுப்பட்டியலைப் படிங்க.

இலவசமா கொடுத்த புட்டரை வெச்சே முதல்ல 20 ரவுண்ட் ஆடிப் பாருங்க. மிஸ் ஆகுறது பவராலயா, இல்ல சரிவைத் தப்பா படிக்கிறதாலயான்னு குறிச்சு வைங்க. சரிவுதான் பிரச்சனைன்னா எந்த புட்டரும் உதவாது. காசு மிச்சம்!

கிரெடிட் என்கிற மறைப்பு

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். கேம்ல விலை ரூபாய்ல இருக்காது, கிரெடிட்ல இருக்கும். உதாரணத்துக்கு புட்டர் 700 கிரெடிட், பேக் 500 அல்லது 1,200. நீங்க 1,200 வாங்குவீங்க. மீதி 500 சும்மா இருக்குதேன்னு இன்னும் கொஞ்சம் போட்டு வேற எதையாவது வாங்கத் தோணும். அந்த மீதி முன்பணம் மாதிரி, ஆனா பொதுவா திரும்பி வராது. பொருளும் உங்க சொத்து இல்ல. இந்த மாதிரி கேம்களோட விதிமுறைப்படி அது பயன்படுத்த ஒரு அனுமதி மட்டும்தான். சர்வரை மூடினா புட்டரும் போச்சு.

அதனால ஒரு பழக்கம்: "வாங்கு" பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, பேக்கோட முழு விலையையும் ரூபாய்ல எழுதுங்க. மீதி கிரெடிட்டையும் சேர்த்து, அதுதான் புட்டரோட நிஜ விலை. ஆபர் போட்டிருந்தாலும் கணக்கு இதேதான்.

"எஸ்ஐபி-ல போட்டிருக்கலாமே?"

நம்ம ஆளுங்க உடனே இதைத்தான் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி பண்ட் மூணும் ஓடுதுன்னா, ஒதுக்கின பொழுதுபோக்குப் பணத்துல புட்டர் வாங்குறது தப்பே இல்ல. சினிமாவுக்குப் போறதும் இதே கணக்குதான். பணத்தை ஒதுக்காம, கிரெடிட் கார்டை கேம்ல சேமிச்சு வெச்சுட்டு, ராத்திரி 12 மணிக்குத் தோத்த கோபத்துல வாங்குறதுதான் தப்பு.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டுக்கு மட்டை வாங்குறது வேற, பணம் கட்டி பணம் ஜெயிக்கலாம்னு வர்ற லிங்க் வேற. ரெண்டாவது வகை ஆன்லைன் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை செஞ்சிருக்கு. அந்தப் பக்கமே போகாதீங்க.

தம்பிக்கு என் முடிவு: கார்டை கேம்ல இருந்து எடுத்துடுங்க. இலவச புட்டர்ல 20 ரவுண்ட் ஆடுங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, அடுத்த மாசத்து பொழுதுபோக்குப் பணத்துல ஒரு புட்டர் வாங்குங்க. வாங்கிட்டு கடைப் பக்கத்தை மூடிடுங்க. நல்லா ஆடுங்க!