காயலான் கடைக்குப் போகாத இரும்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பு லாரி எடைமேடையில் ஏறி இறங்கும். காந்தக் கிரேன் அள்ளிப் போடும். உலையில் உருகியது கட்டடக் கம்பியாக வெளியே வரும். தினமும் இதைப் பார்க்கிற நம் பகுதியில் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: எந்தக் கப்பலும் கடைசியில் காயலான் கடைக்குத்தான். அணுசக்தி நீர்மூழ்கியைப் பற்றியும், “எரிபொருளை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் இரும்புதானே” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இது அபாயகரமான தவறு.

ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் பட்ட உலை எஃகு, தானே கதிர் வீசத் தொடங்கிவிடும். அதில் உண்டாகும் கோபால்ட்-60 பாதியாகக் குறையவே ஐந்தேகால் ஆண்டு ஆகும். நெருப்பு அதை அழிக்காது; உருகிய இரும்போடு கலந்து கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்கள் கதிர் வீசின. காரணம், இந்திய எஃகில் கலந்திருந்த கோபால்ட்-60. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வகக் கருவியை மாயாபுரி காயலான் கடையில் பிரித்தார்கள். ஒருவர் செத்தே போனார். ஒரு கருவிக்கே இந்தக் கதி!

அமெரிக்காவின் பிரெமர்டன் தளத்தில் அணு நீர்மூழ்கியின் எரிபொருளை எடுத்த பிறகு, உலைப்பகுதியை முழுத்துண்டாக வெட்டி, இரு முனையையும் எஃகால் அடைத்து, மிதவையில் ஏற்றி ஹான்ஃபோர்டு அணுக்கழிவுத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் மிச்ச உடல் பழைய இரும்பு. பிரிட்டனில் 1980-ல் ஓய்வுபெற்ற டிரெட்நாட் நீர்மூழ்கி, நாற்பது ஆண்டு கடந்தும் ரொசைத் தளத்திலேயே கிடந்தது. அங்கே முதன்முதலாக முழுசாகப் பிரிக்க எடுத்துக்கொண்ட ஸ்விஃப்ட்ஷூர் 1992-ல் ஓய்வுபெற்றது. அதன் உடலில் வெட்டு விழுந்தது 2023-ல்.

பராமரிப்பும் லேசுப்பட்டதல்ல. 1985-ல் சோவியத்தின் சாஸ்மா விரிகுடாவில் ஒரு நீர்மூழ்கிக்கு எரிபொருள் மாற்றும்போது உலை வெடித்து 10 பேர் மாண்டார்கள்.

நமக்கு இந்தச் சுமை இன்னும் உறைக்காததற்குக் காரணம் உண்டு. வாடகைக்கு வந்த இரண்டு சக்ரா அணு நீர்மூழ்கிகளையும் 1991-ல் சோவியத் ஒன்றியத்திடமும் 2021-ல் ரஷ்யாவிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 2016-ல் வந்த அரிஹந்தும் 2024-ல் வந்த அரிகாட்டும் நம்முடையவை. கல்பாக்கத்தில் தரையில் அமைத்த அவற்றின் மாதிரி உலையும் நம்முடையதே. யாரிடம் திருப்பிக் கொடுப்பது? காட்டுப்பள்ளியில் 2022-ல் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் டிரூவைப் பழுதுபார்த்தது நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஆனால் அது டீசலில் ஓடும் சரக்குக் கப்பல்; அந்த அனுபவம் அணு நீர்மூழ்கியைப் பிரிக்கப் போதாது.

அரிஹந்தின் உலைப்பகுதியை யார் வெட்டுவார்கள், எங்கே வைப்பார்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதைக் கப்பல் ஓடும்போதே அரசு நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும். கேஸ் கட்டிங் வேலைக்கு வரப்போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சி கொடுத்து, சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் குத்திய பிறகே டார்ச்சைக் கையில் தர வேண்டும்.