பேர் வைக்கிறது யார்?



ஒரு செய்தியாளரின் வாழ்க்கையைச் சொல்ல வந்தால் விருதுகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். சார்லெய்ன் ஹன்டர்-கால்ட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணுக்கும் அப்படி அடுக்கலாம். 1978-ல் பொதுத் தொலைக்காட்சியின் மக்நீல்-லேரர் செய்தி நிகழ்ச்சியில் சேர்ந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குள் போய், அங்கே மாட்டிக்கொண்டிருந்த மக்களைப் பற்றி ஒரு தொடர் செய்தார். அதற்கு பீபாடி விருது கிடைத்தது. 1990-ல் மண்டேலா விடுதலையானதும் அவரைப் பேட்டி கண்டார். 1997-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கே குடிபோனார். முதலில் வானொலிக்காக ஆப்பிரிக்கச் செய்திகள், பிறகு 1999 முதல் 2005 வரை சி.என்.என். நிறுவனத்தின் அங்குள்ள கிளைக்குத் தலைமை. எல்லாம் பெரிசுதான். ஆனா என்னைக் கேட்டா, அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு சொல்லுக்காக அவர் போட்ட சண்டை.

அந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். 1961 சனவரியில், நீதிமன்ற உத்தரவோடு, அவரும் ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற மாணவரும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார்கள். அதற்கு முன் அங்கே ஒரு கறுப்பு மாணவர்கூடச் சேர்க்கப்பட்டதில்லை. இரண்டே நாளில் அவர் தங்கியிருந்த விடுதி முன்னால் பெருங்கூட்டம். சன்னல் உடைந்தது. கண்ணீர்ப்புகை வீசித்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. நிர்வாகம் என்ன செய்தது? 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி அந்த இரண்டு பேரையும் வெளியே அனுப்பியது. மறுபடியும் நீதிமன்றம் போய்த்தான் திரும்பி வர முடிந்தது. அடிபட்டவனையே ஊரை விட்டு அனுப்பி அமைதி காக்கிற இந்த நியாயம் நமக்கொன்றும் புதுசு இல்லையே. 1963-ல் இதழியல் பட்டத்தோடு அவர் வெளியே வந்தார்.

1968-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் சேர்ந்தார். நகரங்கள் பற்றி எரிந்ததற்குக் காரணம் ஆராய்ந்த கெர்னர் குழுவின் அறிக்கை வந்த வருசம் அது. செய்தித் துறையின் ஆசிரியர் குழு வேலைகளில் கறுப்பர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியர், மேற்பார்வையாளர் பதவிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அந்த அறிக்கை சொன்னது. சார்லெய்ன் ஹார்லெம் பகுதிக்குப் போய் அந்தச் சனங்களைப் பற்றி எழுதினார். தன் மக்களைக் 'கறுப்பர்' என்றே எழுதினார். மக்கள் தங்களுக்குத் தாங்களே தலைநிமிர்ந்து வைத்துக்கொண்ட பேர் அது. அலுவலகத்தில் அதை அடித்துவிட்டு 'நீக்ரோ' என்று மாற்றினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

நான் வங்கியில் எழுத்தர். கணக்கில் ஒருவர் பேரில் ஓர் எழுத்து பிசகினாலும் பணம் நின்றுபோகும்; மனு கொடு, சான்று கொடு, கையெழுத்துப் போடு என்பார்கள். தனி ஆள் பேருக்கே இவ்வளவு கெடுபிடி. ஒரு சனத்தின் பேரை மட்டும் யார் வேணும்னாலும் அடிச்சு எழுதிடலாமா?

கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-ல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். 'அரிசன்' என்ற இரக்கப் பேரை உதறிவிட்டு 'தலித்' என்று நாமே சொன்னோம். 2018 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை, அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. 'பட்டியல் சாதி' என்று சொல்லணுமாம். அடுத்த மாதமே, அந்தச் சொல்லுக்குத் தடை போட முடியாது என்று பத்திரிகை கவுன்சில் சொல்லவேண்டி வந்தது.

அந்த அறிவுரை போய்ச் சேர்ந்த செய்தி அறைகளில் அதை எதிர்த்து ஒரு கடிதம் எழுத நம்ம ஆள் எத்தனை பேர் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கும் ஒரு கறுப்புச் செய்தியாளரோடு தொடர்பு உண்டு. 1996-ல் தில்லியில் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அவருக்காக பி.என். உனியால் விசாரித்தார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலில் 454 பேர் சாதிப் பேரோடு இருந்தார்கள். அதில் ஒரு தலித்கூட இல்லை. மிச்சப் பேரில் 47 பேரைக் கேட்டார். அதிலும் இல்லை. 2006-ல் தில்லியில் ஊடகத் தலைமையில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோதும் தலித்தோ ஆதிவாசியோ ஒருவரும் இல்லை.

ஆப்பிரிக்கா என்றாலே சாவு, நோய், பேரழிவு, விரக்தி என்று நாலைத்தான் உலகம் காட்டுகிறது என்று சார்லெய்ன் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்ம சேரிக்கும் அதே கதிதான். குடிசை எரிந்தால்தான் கேமரா வரும். எரிஞ்சது எரியுறதோட செய்தியும் முடிஞ்சிடும். அங்கே படிக்கிற பிள்ளை, பறை அடிக்க மறுத்தவர், பஞ்சமி நிலத்துக்கு வருசக்கணக்காக வழக்கு நடத்துகிற கிழவி, இவர்கள் செய்தி ஆவதில்லை.

இதழியல் படிக்கிற தோழர்களுக்குச் சொல்றேன். உள்ளே போங்கள், கதவு தானாகத் திறக்காது, தள்ளித்தான் போகணும். ஆனால் உள்ளே போனதோடு வேலை முடியவில்லை. நாம் எழுதிய சொல்லை ஒருவன் அடித்து மாற்றும்போது பேசாமல் இருந்தால், உள்ளே இருந்தும் நாம் வெளியேதான். அன்றைக்கு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.